ஸ்பூன் காம்பும் டார்ச் லைட்டும்: தொண்டை வலிக்கு சீன மருந்து பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல சளி பத்தி எழுதுனப்ப, சீன மருந்துல சேர்ற ஹனிசக்கிள் பூவைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும்தான் இந்த மாசம் பூரா படிச்சேன். கேட்டது எல்லாமே தொண்டை சம்பந்தமாத்தான், அதனால இந்தத் தடவை வேற எதுவும் இல்ல, தொண்டை மட்டும்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் சிங்கப்பூர்ல ரொம்ப வருஷம் ஃபார்மசி கவுன்ட்டர்ல நின்னவ. சீன வைத்தியம் முறையா படிச்சவ இல்ல. ஆனா மருந்து வாங்க வர்றவங்க பையில பாதிக்குப் பாதி சீன மருந்துக்கடை பாட்டில் ஒண்ணு இருக்கும், நாம குடுக்கற மாத்திரையோட அது சேருமா சேராதான்னு பாத்துச் சொல்றது என் வேலை. அப்படி ஒவ்வொரு பாட்டிலா படிச்சுப் படிச்சுக் கத்துக்கிட்டதைத்தான் சொல்றேன்.

கேள்வி: அக்கா, எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி ஒரு பாட்டில் பே பா கோ குடுத்தாங்க. கறுப்பா பாகு மாதிரி இருக்கு, குடிச்சா இதமாத்தான் இருக்கு. என் பையனுக்கு 6 வயசு, பாப்பாவுக்கு 8 மாசம், ரெண்டுக்கும் இப்ப தொண்டை சரியில்ல. குடுக்கலாமா? – ஒரு வாசகி, ஈசூன்

பாப்பாவுக்கு ஒரு சொட்டு கூட வேண்டாம்மா, அதை முதல்ல சொல்லிடறேன். அதுல தேன் இருக்கு. ஒரு வயசு முடியாத குழந்தைக்கு தேன் எந்த ரூபத்துலயும் ஆகாது, தேன்ல சில சமயம் இருக்கற ஒரு கிருமியோட வித்து பிஞ்சுக் குடல்ல முளைச்சு விஷத்தை உண்டாக்கும், குழந்தை துவண்டு போயிடும், பொட்டுலிசம்னு பேரு. பொறந்த குழந்தை நாக்குல தேன் தடவற பழக்கம் நம்ம வீடுகள்லயும் உண்டு, அதையும் விட்டுடுங்க. அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தொண்டை சரியில்லாம பால் குடிக்க மாட்டேங்குதுன்னா வீட்ல வெச்சுப் பாக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

மத்தபடி அந்த பாட்டில் மேல எனக்கு மரியாதை உண்டு. பே பாங்கறது லோக்வாட் பழ மரம், அதோட இலையும், சிச்சுவான் பக்கத்து மலைகள்ல விளையற ஒரு சின்ன வெள்ளைக் கிழங்கும் (பாக்கறதுக்கு உரிச்ச பூண்டுப் பல்லு மாதிரி இருக்கும், சுவான் பெய்ம்பாங்க) முக்கிய சரக்கு, கூட இன்னும் சில மூலிகைங்க, தேன், சக்கரைப்பாகு. லோக்வாட் இலையோட அடிப்பக்கம் பூனை முடி மாதிரி ரோமம் இருக்கும், அதை பிரஷ் போட்டு சுத்தமா எடுத்துட்டுத்தான் இலையை வேக வைப்பாங்க, எடுக்காம விட்டா அந்த ரோமமே தொண்டையைக் குத்தி இருமல் வர வெச்சிடும். பழைய ஆளுங்க இந்த மாதிரி விஷயத்துல காட்டுன கவனம் இருக்கே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2018 ஆரம்பத்துல அமெரிக்காவுல ஃப்ளூ கடுமையா பரவுனப்ப நியூயார்க் சைனாடவுன் கடைகள்ல இதுக்குத் தட்டுப்பாடே வந்துச்சு.

ஆனா இது தொண்டையில ஒரு பூச்சு, அவ்வளவுதான். புண்ணான எடத்துல பாகு படிஞ்சு காயாம பாத்துக்கும், இருமலை அடக்கும். கிருமியைக் கொல்றது அதோட வேலை இல்ல. பையனுக்கு பாட்டில்ல போட்டிருக்கற அளவுப்படி குடுக்கலாம், மெதுவா சப்பி முழுங்கச் சொல்லுங்க, உடனே தண்ணி குடிச்சா பூச்சு போயிடும். குடுக்கறதுக்கு முன்னால அவன் தொண்டைக்குள்ள ஒரு தடவை பாத்துடுங்க, எப்படிப் பாக்கறதுன்னு கீழ ஜொகூர்காரருக்கு எழுதியிருக்கேன். வீட்ல யாருக்காவது சுகர் இருந்தா அவங்களுக்கு இந்த பாகு சரிப்படாது, சக்கரை இல்லாத வகை கெடைச்சா பாருங்க.

கேள்வி: நான் திருப்பூர். பட்டன், ஜிப் சரக்கு பாக்க வருஷத்துக்கு ரெண்டு தடவை குவாங்சோ போவேன். போன தடவை ரெண்டாம் நாளே தொண்டை எரிச்சல், எச்சில் முழுங்க முடியல. ஓட்டல் பக்கத்து மருந்துக்கடை அம்மா ஃபோன்ல மொழிபெயர்ப்பு ஆப்பைப் போட்டுக்கிட்டு கேள்வி மேல கேள்வி. குளிருதா, வேர்க்குதா, சளி வெள்ளையா மஞ்சளா, தொண்டை அரிக்குதா வலிக்குதா, நாக்கை நீட்டுன்னு டாக்டர் மாதிரி. அப்புறம்தான் ஒரு டப்பா எடுத்துக் குடுத்துச்சு, பக்கத்துல இருந்த டப்பாவை நான் காட்டுனதுக்கு கையை ஆட்டி வேண்டாம்னுடுச்சு. தொண்டை வலின்னா தொண்டை வலிதானுங்களே, எதுக்கு இத்தனை கேள்வி?

அந்த அம்மா நல்லா தொழில் தெரிஞ்சவங்க. நீங்க அனுப்புன ஃபோட்டோவுல இருக்கற டப்பா யின் சியாவ் மாத்திரை. சீன வைத்தியத்துல தொண்டை வலிங்கறது ஒரே நோய் இல்லைங்க. காத்தோட சூடு சேந்து வந்ததா, காத்தோட குளிர் சேந்து வந்ததான்னு முதல்ல பிரிப்பாங்க. நம்ம ஊர்ல வாதம் பித்தம் கபம்னு பாக்கறவங்களுக்கு இது புரியாத பாஷை இல்ல, உடம்பு சூடு, குளிர்ச்சின்னு நாமளும்தானே சொல்றோம். சூட்டு வகைன்னா தொண்டை செவந்து எரியும், காய்ச்சல் தூக்கலா இருக்கும், தாகம் எடுக்கும், சளி மஞ்சளா வரும், நாக்கு நுனி செவப்பா இருக்கும். குளிர் வகைன்னா நடுக்கம்தான் ஜாஸ்தி, மூக்குல தண்ணியா ஒழுகும், தொண்டையில வலியை விட அரிப்புதான் இருக்கும், நாக்குல வெள்ளையா லேசா படிஞ்சிருக்கும். சூட்டு வகைக்குக் குடுக்கற குளிர்ச்சி மருந்தை குளிர் வகைக்குக் குடுத்தா நோய் உள்ள போயிடும்னு அவங்க கணக்கு. நீங்க காட்டுன இன்னொரு டப்பா குளிருக்கானதா இருந்திருக்கும், அதான் கையை ஆட்டியிருக்காங்க.

யின் சியாவ் பொடிக்கு ஒரு நல்ல கதை இருக்கு, ஆனா கதைங்கறதுக்காக சொல்லல, நீங்க அதை எப்படி சாப்பிடணும்ங்கறதே அதுக்குள்ள இருக்கு. 1798-ல வூ ஜூதோங்ங்கற வைத்தியர் எழுதி முடிச்ச காய்ச்சல் நூல்ல வர்ற மருந்து இது. அதுக்கு முன்னால ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் ஜாங் ஜோங்ஜிங் எழுதுன குளிர் காய்ச்சல் நூலை வெச்சுத்தான் வைத்தியம் பாத்தாங்க, அது வடக்குல இருக்கற குளிருக்கு சரி. கீழ யாங்சி ஆத்துப் பக்கம், தெக்குப் பக்கம் எல்லாம் புழுக்கமான ஊருங்க, கொள்ளை கொள்ளையா காய்ச்சல் வந்து போகும், அங்க சூடேத்தற மருந்து குடுத்தா ஆள் இன்னும் காஞ்சு போறான்னு பாத்தாங்க, அப்படித்தான் இந்த சூட்டுக் காய்ச்சல் வைத்தியமே தனியா வளந்துச்சு. இதுல முதல் சரக்கு ஹனிசக்கிள் மொட்டு. சீனத்துல ஜின் யின் ஹுவா, தங்க வெள்ளிப் பூன்னு அர்த்தம், ஏன்னா வெள்ளையா பூத்து ரெண்டு மூணு நாள்ல மஞ்சளாயிடும், ஒரே கொடியில ரெண்டு நிறமும் நிக்கும். கூட லியான் சியாவ் காய், புதினா வகை ஒண்ணு, ஜியே கெங்ங்கற கிழங்கு, அதிமதுரம், மூங்கில் இலை, புளிக்க வெச்ச சோயாபீன்ஸ் எல்லாம் சேரும், நாணல் வேர் கஷாயத்துல போட்டுக் காய்ச்சணும். எவ்வளவு நேரம்னா, வாசனை நல்லா எழும்புனதும் எறக்கிடணும்னு வூ ஜூதோங் எழுதியிருக்கார். மேல இருக்கற நுரையீரலுக்கும் தொண்டைக்கும் போற மருந்து லேசா இருக்கணும், ரொம்பக் கொதிச்சா கெட்டியாகி வயித்துக்கு எறங்கிடும்னு காரணமும் சொல்றார். இன்னிக்கு நம்ம பாஷையில சொன்னா, புதினாவையும் பூவையும் அரை மணி நேரம் கொதிக்க விட்டா அதுல இருக்கற எண்ணெய் எல்லாம் ஆவியாப் போயிடும். காரணம் வேற வேற, சமையல் ஒண்ணுதான்.

அதனால இந்த மருந்து ஆரம்ப ஒண்ணு ரெண்டு நாளுக்கானது. வாரக்கணக்கா சாப்பிடறதுக்கு இல்ல. குவாங்சோ தெருவுல கடைக்குக் கடை பெரிய பித்தளை ஜாடியில வெச்சு கப்ல ஊத்திக் குடுப்பாங்களே அந்த கசப்பு லியாங் சா, கூல் டீ, அதுவும் இந்த சூட்டுக் கணக்குல வந்ததுதான். பொரிச்சது, லிச்சி, காரம்னு வெளுத்துக் கட்டிட்டு மேல ஒரு கப் குடிப்பாங்க. 2006-ல சீன அரசாங்கம் தேசிய கலாச்சாரச் சொத்துப் பட்டியல்லயே அதை சேத்துடுச்சு. நீங்க அடுத்த தடவை போறப்ப ஒரு கப் குடிச்சுப் பாருங்க, நிலவேம்பு குடிச்சுப் பழகின வாய்க்கு அது ஒண்ணும் பெரிய கசப்பு இல்ல. ஆனா பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறவரா இருந்தா அதிமதுரம் சேந்த எதையும் தொடர்ந்து சாப்பிடாதீங்க, அது சீன அதிமதுரமா இருந்தாலும் நம்ம நாட்டு மருந்துக்கடை அதிமதுரமா இருந்தாலும் ஒரே குடும்பம்தான், உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி பொட்டாசியத்தைக் கொறைச்சு பிரஷரை ஏத்தும்.

கேள்வி: என் மகனுக்கு வயசு 9. மூணு நாளா தொண்டை வலி, காய்ச்சல் 39 டிகிரிக்கு மேல, பனடால் போட்டா எறங்குது அப்புறம் ஏறுது. இருமல், சளி எதுவும் இல்ல. கழுத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கு. தெரிஞ்ச சீன நண்பர் ஷி குவா ஷுவாங் ஸ்ப்ரே குடுத்தார், அடிச்சதும் வலி கொறையுது, சாப்பிடறான். இன்னும் ரெண்டு மூணு நாள் இதையே அடிச்சுப் பாக்கலாம்னு இருக்கோம், உங்க அபிப்பிராயம் என்ன? – ஒரு தகப்பன், ஜொகூர் பாரு

ஐயா, உங்க மெசேஜைப் பாத்த அன்னிக்கே உங்களுக்கு ஃபோன் போட்டு இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். இங்க திரும்ப எழுதறது இதே நெலமையில இருக்கற மத்த அப்பா அம்மாவுக்காக. இந்த மாசம் எல்லாத்தையும் வெட்டிட்டு ஒரே ஒரு பதில்தான் போடலாம்னு ஆசிரியர் சொல்லியிருந்தா நான் இதைத்தான் போட்டிருப்பேன்.

தொண்டை வலியில பெரும்பாலானது வைரஸ், ஒரு வாரத்துக்குள்ள தானா சரியாயிடும். அதுக்கு நீங்க பே பா கோ குடிச்சாலும் சரி, மிளகு பால் குடிச்சாலும் சரி, உப்புத் தண்ணியில கொப்பளிச்சாலும் சரி. ஆனா தொண்டை வலின்னு வர்ற பத்துப் பிள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேருக்கு அது ஸ்ட்ரெப்ங்கற பாக்டீரியாவா இருக்கும். பெரியவங்களுக்கு பத்துல ஒண்ணுதான் இருக்கும். அதோட அடையாளம் நீங்களே எழுதியிருக்கீங்க: காய்ச்சல் இருக்கு, இருமல் இல்ல, கழுத்து முன்பக்கம் நெறி கட்டி வலிக்குது. இன்னொண்ணு பாக்கணும், தொண்டை உள்ள. பிள்ளையை ஜன்னல் பக்கம் உக்கார வெச்சு, ஆ சொல்லச் சொல்லி, ஸ்பூனோட காம்பால நாக்கை லேசா அமுக்கி, ஃபோன் டார்ச்சை அடிச்சுப் பாருங்க. உள்நாக்குக்கு ரெண்டு பக்கமும் டான்சில் வீங்கி அது மேல தயிர் தெறிச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளி இருந்தா அன்னிக்கே கிளினிக். பஞ்சுக்குச்சியால தொட்டு எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க, பாசிட்டிவ்னா பெனிசிலின் இல்லைன்னா அமாக்ஸிசிலின், வழக்கமா 10 நாள். பிள்ளைக்கு பெனிசிலின் ஒத்துக்காதுன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, வேற குடுப்பாங்க.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை எச்சிலைக் கூட முழுங்க முடியாம வழிய விட்டுக்கிட்டு, முன்னால குனிஞ்சு உக்காந்து மூச்சு விடக் கஷ்டப்பட்டா ஸ்பூன் கையில எடுக்காதீங்க, ஆம்புலன்ஸ்தான். வாயைத் திறக்க முடியாம ஒரு பக்கம் மட்டும் வீங்கி குரல் கொழகொழன்னு வந்தா டான்சில் பக்கத்துல சீழ் கட்டியிருக்கும், அதுவும் எமர்ஜென்சி. சாம்பல் நிறத்துல தோல் மாதிரி படிஞ்சிருந்தா தொண்டை அடைப்பானா (டிப்தீரியா) இருக்கலாம், தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைங்களுக்கு இன்னிக்கும் வருது, அதுக்கும் ஒரு நிமிஷம் கூட காத்திருக்கக் கூடாது.

ஸ்ப்ரே அடிச்சா வலி கொறையுது, அது நிஜம். தர்பூசணிக்குள்ள ஒரு வகை உப்பை அடைச்சு மண்பானையில காத்தாட வெச்சா கொஞ்ச நாள்ல பானைக்கு வெளிப்பக்கம் வெள்ளையா பனி பூக்கும், அதை வழிச்செடுத்த பொடிதான் பழைய ஷி குவா ஷுவாங், இப்ப வர்ற ஸ்ப்ரேயில புதினா உப்பு, கற்பூர வகை எல்லாம் சேத்திருப்பாங்க, அதான் ஜில்லுன்னு இருக்கு. வலி கொறையறதுதான் இங்க ஆபத்தே. பிள்ளை சாப்பிடறான், வெளையாடறான், நாம நிம்மதியாயிடறோம், கிருமி அது பாட்டுக்கு இருக்கு. ஸ்ட்ரெப் வந்து தொண்டை தானா ஆறிட்டாலும் கூட, 2, 3 வாரம் கழிச்சு சில பிள்ளைங்களுக்கு மூட்டு மூட்டா வீங்கி வாதக் காய்ச்சல் வரும். கிருமியை எதுத்து நம்ம உடம்பு செஞ்ச எதிர்ப்புச் சக்தியே இதய வால்வை கிருமின்னு நெனச்சு அடிக்கறது அது. தொண்டை வலி ஆரம்பிச்ச 9 நாளுக்குள்ள ஆன்ட்டிபயாடிக் ஆரம்பிச்சுட்டா அதைத் தடுத்துடலாம். 9 நாள் டைம் இருக்குன்னு அர்த்தம் இல்ல, மூணு நாள் ஏற்கனவே போச்சுன்னு அர்த்தம்.

எங்க சின்ன அத்தைக்கு இது நடந்துச்சு. தஞ்சாவூர் பக்கம் கிராமம், சின்ன வயசுல அடிக்கடி தொண்டை வீங்கும்னு பாட்டி சொல்வாங்க, கழுத்துல பத்து போடுவாங்க, சரியாயிடும். வாயைத் திறந்து யாரும் பாக்கல. முதல் பிள்ளை உண்டானப்ப ஏழாம் மாசம் படுக்க முடியல, ராத்திரி பூரா மூணு தலைகாணியை அடுக்கி சாஞ்சு உக்காந்தே இருப்பாங்க, மூச்சு விடற சத்தம் பக்கத்து ரூம்ல படுத்திருந்த எனக்குக் கேக்கும். வால்வு சுருங்கிப் போயிருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பிள்ளை பொழைச்சுது. அத்தை அதுக்கப்புறம் இருந்த காலம் பூரா மாத்திரையும் ஊசியும்தான். தொண்டை வலின்னு யார் சொன்னாலும் வாயைத் திறங்கன்னு நான் கேக்கறது அந்த சத்தத்துனாலதான்.

இது இங்கிலீஷ் மருந்துக்காரங்க பேச்சுன்னு நெனச்சுடாதீங்க. சீன வைத்தியத்துல டான்சில் வீக்கத்துக்குப் பேரே ரூ அ, பால் அந்துப்பூச்சின்னு அர்த்தம், வீங்கின டான்சில் பட்டுப்பூச்சி ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி தெரியறதால வெச்ச பேரு. உள்ள எட்டிப் பாத்தவன்தானே அப்படிப் பேர் வெக்க முடியும். மிங் ராஜாக்க காலத்து அரசாங்க வைத்தியத்துல 13 பிரிவு இருந்துச்சு, அதுல தொண்டைக்குன்னே தனியா ஒண்ணு. 18-ஆம் நூற்றாண்டுல அன்ஹுய் பக்கத்து ஜெங் மெய்ஜியான்ங்கற தொண்டை வைத்தியர் வெள்ளைத் தொண்டைன்னு ஒரு பிள்ளைக் கொல்லி நோயை விவரிச்சு எழுதினார், தொண்டையில வெள்ளையா படலம் கட்டி மூச்சை அடைக்கும்னு, இன்னிக்கு டிப்தீரியான்னு சொல்றோமே அதுதான். அவங்க எல்லாம் பாத்தாங்க. பாக்காம ஸ்ப்ரே அடிக்கறது அவங்க வைத்தியமும் இல்ல.

கேள்வி: நான் சீனாவுல எம்பிபிஎஸ் படிக்கிறேன், ஊர் மதுரை. எங்க வார்டுல ஆன்ட்டிபயாடிக்கும் எழுதறாங்க, கூடவே தண்ணியில கரைச்சுக் குடிக்கற மூலிகை கிரான்யூலும் எழுதறாங்க. ரூம்மேட் ஒருத்தி எல்லாம் சும்மான்றா, இன்னொருத்தி எல்லாம் அற்புதம்ன்றா. தொண்டைக்கு இது கேக்கும்னு ஆதாரம் இருக்கா மேடம்?

ரெண்டு ரூம்மேட்டும் அவசரப்படறாங்கம்மா. தொண்டை வலிக்கான சீன மூலிகை ஆய்வுகளை ஒண்ணா சேத்து, மருத்துவ ஆய்வுகளை அலசிப் பாக்கற காக்ரேன் குழு 2012-ல ஒரு தொகுப்பு போட்டாங்க, தேடிப் படிச்சுப் பாரு. சில மருந்து நல்லாத்தான் கேட்டுதுன்னு ஆய்வுகள் சொல்லுது, ஆனா ஆய்வு நடத்துன விதமே சரியில்ல, அதனால எதையும் சிபாரிசு பண்ண முடியலன்னு முடிச்சிருக்காங்க. கேக்கலன்னு நிரூபிச்சதா அர்த்தம் இல்ல, கேக்கும்னு இன்னும் யாரும் ஒழுங்கா நிரூபிக்கலன்னு அர்த்தம். எனக்கு இதுல கோவமே வரும், இத்தனை கோடிப் பேர் சாப்பிடற மருந்தை ஒழுங்கா சோதிச்சுப் பாக்க வேண்டாமா.

சோதிச்சா என்ன கெடைக்கும்ங்கறதுக்கு சீன விஞ்ஞானி தூ யோயோ அம்மாவே சாட்சி. நாலாம் நூற்றாண்டு ஏட்டுல ஜுரத்துக்கு சிங் ஹாவ் செடியைத் தண்ணியில ஊற வெச்சுப் பிழிஞ்சு குடின்னு எழுதியிருந்துச்சு, காய்ச்சுன்னு எழுதல. சூட்டுல சத்து போயிடுமோன்னு யோசிச்சு கம்மி சூட்டுல பிரிச்செடுத்தாங்க, அதுலேர்ந்து வந்ததுதான் மலேரியாவுக்கான ஆர்டெமிசினின், 2015-ல நோபல். ஏட்டுல இருந்ததுக்காக நோபல் குடுக்கல, பிரிச்சு, எலியில பாத்து, தாங்களே குடிச்சுப் பாத்து, அப்புறம் நோயாளிக்குக் குடுத்துப் பாத்ததுக்காகத்தான் குடுத்தாங்க. சோதிக்காம நம்புனா என்ன ஆகும்னும் நீ பாத்திருப்பே. 2003-ல சார்ஸ் வந்தப்ப குவாங்தோங் பூரா பான் லான் கென் வேருக்கும் வினிகருக்கும் அடிதடி. 2020 ஜனவரி 31 ராத்திரி சுவாங் ஹுவாங் லியான் மருந்து கொரோனா வைரஸைத் தடுக்கும்னு ஒரு செய்தி வந்ததும் அந்த ராத்திரியே ஜனங்க மாஸ்க்கை மாட்டிக்கிட்டு மருந்துக்கடை வாசல்ல வரிசை கட்டுனாங்க. நீ வார்டுல இருக்கறப்ப ஒண்ணு பண்ணு, கிரான்யூல் மட்டும் சாப்பிட்ட ஸ்ட்ரெப் பிள்ளை யாராவது இருக்காங்களான்னு சீனியரைக் கேளு. நல்ல ஆஸ்பத்திரியில இருக்க மாட்டாங்க.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயசு, இதயத் துடிப்புக்கு டிகாக்ஸின் சாப்பிடறாங்க. தொண்டை வலின்னு சொந்தக்காரர் ஒருத்தர் குட்டி பாட்டில்ல கறுப்பு மாத்திரை குடுத்திருக்கார், லியு ஷென் வான்னு பேராம். கடுகு மாதிரி இருக்கு, இத்துணூண்டு மாத்திரை என்ன பண்ணிடப் போவுதுன்னு அம்மா சொல்றாங்க. – வாசகி, பினாங்கு

பாட்டிலை வாங்கி எட்ட வைங்க, இப்பவே. ஆறு தேவதை மாத்திரைன்னு அர்த்தம், சூசோ நகரத்துல பேர் பெத்தது, தொண்டைப் புண்ணுக்குப் பழைய ஆளுங்க ரொம்ப நம்பறது. 1000 மாத்திரை சேந்தாலும் 3 கிராம் சொச்சம்தான் வரும், ஏன் அவ்வளவு சின்னதா பண்ணாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பழைய சேர்க்கையில கோரோசனை, கஸ்தூரி, முத்து, கற்பூரம் இதோட தேரை விஷமும் இருக்கு, ஆர்செனிக் கலந்த மனோசிலை வகைக் கல்லும் இருக்கு. நாக்குல வெச்சதும் மரத்துப் போகுதே, அது தேரை விஷம் பண்ற வேலை. அந்த விஷம் இதயத்துல போய் பண்ற வேலையும் டிகாக்ஸின் பண்ற வேலையும் ஒண்ணுதான். ரெண்டும் சேந்தா துடிப்பு தாறுமாறாயிடும். அம்மா ஏற்கனவே சாப்பிட்டிருந்து வாந்தி, தலைசுத்தல், பார்வை மஞ்சளா தெரியறது, படபடப்பு ஏதாவது இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க, பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போங்க. கர்ப்பமா இருக்கறவங்களும் இந்த மாத்திரை பக்கமே போகக்கூடாது.

மலேசியாவுல பதிவான மருந்துன்னா டப்பாவுல எம்ஏஎல் நம்பர் இருக்கும், நாட்டு மருந்துக்கு அந்த நம்பர் டி (T) எழுத்துல முடியும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். லேபிள் இல்லாத பாட்டில், யாரோ ஊர்லேர்ந்து கொண்டு வந்தது, இதெல்லாம் வாய்ல போடறதுக்கு இல்ல. சிங்கப்பூர்ல இருக்கறவங்க சீன வைத்தியரைப் பாக்கணும்னா பதிவு பண்ணவரான்னு பாத்துட்டுப் போங்க, 2000-ல வந்த சட்டப்படி அவங்களுக்கு வாரியமே இருக்கு, பேரைப் போட்டா ஆன்லைன்லயே தெரியும். அப்படிப் போறப்ப நீங்க சாப்பிடற இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் அவர் மேஜையில கொட்டுங்க. நல்ல வைத்தியர் கோவிச்சுக்க மாட்டார்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். தொண்டைக்குள்ள ஏதோ மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கு, கனைச்சாலும் போகல, முழுங்குனாலும் போகல. சாப்பாடு எறங்குது. காய்ச்சல் இல்ல. பாங் தா ஹாய் ஊற வெச்சுக் குடின்னு சக ஆசிரியை சொல்றாங்க. – ஈப்போ

டீச்சர், உங்க தொந்தரவுக்கு சீனத்துல பிளம் கொட்டைன்னு பேரு, பிளம் கொட்டை தொண்டையில நிக்கற மாதிரி இருக்கும்னு. ஜாங் ஜோங்ஜிங் இன்னும் முன்னாலயே, சுட்ட கறித்துண்டு ஒண்ணு தொண்டையில ஒட்டிக்கிட்ட மாதிரின்னு எழுதி வெச்சிருக்கார். மனசுல அடைச்சு வெச்ச கவலைதான் அங்க வந்து நிக்குதுன்னு அவங்க பாத்தாங்க. இன்னிக்கு டாக்டருங்க கூடவே வயித்து அமிலம் மேல ஏறுதான்னும் பாப்பாங்க, ராத்திரி லேட்டா சாப்பிட்டு உடனே படுக்கறவங்களுக்கு இது ஜாஸ்தி. ரெண்டு வாரம் ராத்திரி சாப்பாட்டை 7 மணிக்கு முடிச்சுப் பாருங்க.

பாங் தா ஹாய் தப்பில்ல. சுருங்கின ஜாதிக்காய் மாதிரி ஒரு கொட்டை, சூடு தண்ணியில போட்டு மூடி வெச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறந்தா டம்ளர் நெறைய பழுப்பு நிறத்துல பஞ்சு மாதிரி ஜெல்லி ஊதியிருக்கும், பாக்கவே ஆச்சரியமா இருக்கும். தோலையும் கொட்டையையும் எடுத்துட்டு குடிக்கலாம், பேசிப் பேசிக் காஞ்ச தொண்டைக்கு இதம். தெனமும் வேண்டாம், வயித்தை எளக்கும். குரல் கம்மல் மூணு வாரம் தாண்டினாலோ, சாப்பாடு எறங்கும்போது வலிச்சாலோ, காரணமில்லாம எடை கொறைஞ்சாலோ இஎன்டி டாக்டர் கேமரா விட்டுப் பாக்கணும், அதுக்கு எந்தக் கொட்டையும் மாத்து இல்ல.

இந்தப் பக்கத்தை முடிக்கறப்ப ஜொகூர்காரர் மறுபடி மெசேஜ் போட்டிருக்கார். டெஸ்ட்ல ஸ்ட்ரெப்தானாம். மருந்து ஆரம்பிச்சு நாலாவது நாள், காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு, பையன் ஃபுட்பால் ஆட எறங்கிட்டான், இனி மருந்தை நிறுத்திடலாமான்னு கேக்கறார். வேண்டாங்கய்யா. இன்னும் 6 நாள் மருந்து பாக்கி இருக்கு. காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு டாக்டர் எழுதுன மாதிரியே காலண்டர்ல டிக் போட்டுக் குடுங்க. ஸ்ப்ரே வேணும்னா வலிச்சா அடிச்சுக்கட்டும்.